அசைலம் அப்பீலுக்கு ஊரிலிருந்து ஆவணம் அனுப்புவது எப்படி: திருகோணமலைக் குடும்பங்களுக்கு

தம்பி லண்டனில் அசைலம் (அகதித் தஞ்சம்) கேட்டு, ஹோம் ஒஃபிஸ் (இங்கிலாந்து உள்துறை அமைச்சு) மறுத்து, முதல் அப்பீலில் தோற்று, பிறகு புதிதாகப் போட்டு இரண்டாவது அப்பீலில் வென்றது வரைக்கும் ஊரில் பேப்பர் தேடி ஓடித் திரிந்தது நான்தான். முதல் தடவை பதினொரு ஆவணம் அனுப்பினோம். நீதிபதி அவற்றைப் பொய் என்று எழுதவில்லை. இவை யாரால், எப்போது, எங்கிருந்து எடுக்கப்பட்டன என்று யாரும் சொல்லவில்லை, அதனால் இவற்றை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது என்று எழுதினார். அந்த ஒரு பந்தியால் தம்பி இன்னும் மூன்று வருடம் வேலை செய்யவும் முடியாமல், அம்மாவைப் பார்க்கவும் முடியாமல் இருந்தான்.

அதனால் இதை வாசிக்கிறவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆவணம் இருக்கிறது என்பது பாதி வேலைதான். அது எப்படி உங்கள் கைக்கு வந்தது என்று நாள், இடம், ஆள் சொல்லி விளக்க வேண்டும். அதில் உள்ளது பிள்ளை இன்டர்வியூவில் சொன்னதோடு பொருந்தவும் வேண்டும். நான் பார்த்தது இங்கிலாந்து கேஸ், எழுதுவதும் அதைப் பற்றித்தான். தம்பியின் கேஸ் விவரம் எதையும் இங்கே எழுதவில்லை, நீங்களும் உங்களுடையதை எங்கேயும் எழுத வேண்டாம்.

1. முதலில் அப்பீலைப் போடுங்கள், ஆவணம் பிறகு

இங்கிலாந்துக்குள் இருப்பவருக்கு, மறுப்புக் கடிதம் அனுப்பப்பட்ட திகதியிலிருந்து 14 நாள்தான். கையில் கிடைத்த திகதி அல்ல, அனுப்பிய திகதி. வீடு மாறி ஹோம் ஒஃபிஸுக்கு அறிவிக்காமல் விட்டவர்களுக்குக் கடிதம் பழைய விலாசத்தில் கிடக்க 14 நாளும் போய்விடும். மற்ற நாடுகளில் கணக்கு வேறு. கனடாவில் அப்பீல் அறிவித்தல் கொடுக்க 15 நாள், பிரான்ஸில் ஒரு மாதம் (அங்கே இலவச லோயர் கேட்க வேண்டும் என்றால் 15 நாளுக்குள் கேட்க வேண்டும்), சுவிஸில் துரித முறையில் போன கேஸ் என்றால் 7 வேலை நாள், விரிவான முறை என்றால் 30 நாள்.

இந்த 14 நாளுக்குள் எல்லா ஆவணத்தையும் கொடுத்தாக வேண்டும் என்று நினைத்து நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அப்படி இல்லை. 14 நாளுக்குள் அப்பீல் படிவம் போனால் போதும், ஆவணங்களை எந்தத் திகதிக்குள் கொடுப்பது என்று ட்ரிபியூனல் (அப்பீலை விசாரிக்கும் மன்றம்) பிறகு சொல்லும். அந்தத் திகதியை சொலிசிட்டரிடம் (அங்கே கேஸ் பார்க்கிற லோயர்) எழுத்தில் கேட்டு வாங்குங்கள், உங்கள் ஓட்டம் எல்லாம் அதை வைத்துத்தான். அப்பீல் போட 14 நாள் பிந்திவிட்டால் காரணத்தையும் அதற்கான சான்றையும் சேர்த்து உடனே போட வேண்டும், இனி முடியாது என்று விட்டுவிடக் கூடாது.

கட்டணம் நேரில் விசாரணை வேண்டுமென்றால் 140 பவுண், பேப்பரை வைத்து மட்டும் தீர்மானிக்கச் சொன்னால் 80 பவுண். 60 பவுணை மிச்சம் பிடிக்க நினைத்து இரண்டாவதைத் தெரிவு செய்யாதீர்கள். தன் கதையைத் தன் வாயால் சொல்லக் கிடைக்கும் வாய்ப்பு நேரில் விசாரணைதான். லீகல் எயிட் (அரசு செலவில் லோயர்) இருப்பவருக்கும் அசைலம் உதவிப் பணத்தில் இருப்பவருக்கும் கட்டணம் இல்லை.

சொலிசிட்டரைப் பற்றி ஒரு விஷயம். தமிழ்க் கடைத் தெருவில் போர்ட் போட்டிருக்கிறார், தமிழ் பேசுகிறார் என்பதற்காகப் பணத்தைக் கொடுக்க வேண்டாம். குடிவரவு ஆலோசனை சொல்பவர் ஒன்றில் லோயர்களின் ஒழுங்குமுறை அமைப்பு ஒன்றின் கீழ் வேலை செய்ய வேண்டும், அல்லது குடிவரவு ஆலோசனை அதிகாரசபையில் (2025 வரை ஓஐஎஸ்சி என்ற பெயரில் இருந்தது) பதிந்திருக்க வேண்டும். இரண்டையும் இணையத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை.

2. மறுப்புக் கடிதத்தைப் பந்தி பந்தியாக வாசியுங்கள்

அங்கே இருப்பவரிடம் மறுப்புக் கடிதத்தையும் இன்டர்வியூ பதிவையும் முழுமையாக அனுப்பச் சொல்லுங்கள். இன்டர்வியூப் பிரதி அவரிடம் இல்லாவிட்டால் ஹோம் ஒஃபிஸிடம் தன் கோப்பைக் கேட்டு எழுதலாம், அதற்குக் கட்டணம் இல்லை. ஆங்கிலம் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து ஒரு கொப்பியில் கோடு போடுங்கள். ஒரு பக்கம் அவர்கள் ஏற்றுக்கொண்டது, மறுபக்கம் நம்பாதது. நாங்கள் முதல் தடவை அனுப்பிய பதினொன்றில் ஆறு, அவர்கள் ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட விஷயத்துக்கு: அவன் தமிழன், திருகோணமலையில் பிறந்தவன், இன்ன பள்ளிக்கூடத்தில் படித்தவன். காசும் நாளும்தான் வீண்.

இலங்கைத் தமிழர் கேஸ்களில் பெரும்பாலும் கேள்வி, முன்பு பிடிபட்டாரா என்பது அல்ல, இப்போது திரும்பிப் போனால் ஆபத்தா என்பதுதான். இங்கிலாந்தில் 2013இல் வந்த ஜீ.ஜே. தீர்ப்பும், அதைத் தொடர்ந்து 2021இல் வந்த கே.கே., ஆர்.எஸ். தீர்ப்பும்தான் அங்கே அளவுகோல். பிடியாணையோ நீதிமன்றக் கட்டளையோ நிலுவையில் இருப்பவரின் பெயர் விமான நிலையக் கணினியில் தடுத்து நிறுத்தும் பட்டியலில் இருக்கும், அவருக்கு ஆபத்து உண்டு என்பது அதில் ஒன்று. வெளிநாட்டில் பிரிவினை அரசியலில் முக்கிய பங்கு எடுத்தவர் என்று அரசு கருதக்கூடியவர் என்பது இன்னொன்று. முதலாவதற்குச் சான்று ஊரில் இருக்கிறது, அது உங்கள் வேலை. இரண்டாவதற்குச் சான்று அங்கே இருப்பவர் சேர்க்க வேண்டும். மாவீரர் நாளில் கூட்டத்துக்குள் நின்று எடுத்த ஒரு செல்ஃபி போதாது, எந்த அமைப்பு, என்ன பொறுப்பு, எத்தனை வருடமாக, அந்த அமைப்பு இலங்கை வர்த்தமானியில் தடை செய்யப்பட்டதா என்பதெல்லாம் வேண்டும்.

2022 ஜூன் 28 முதல் அசைலம் கேட்டவர்களுக்கு அங்கே சட்டம் இறுகிவிட்டது. அரசியல் கருத்து, பயம் போன்ற விஷயங்களை, இல்லை என்பதைவிட இருக்கிறது என்பதே கூடுதலாக நம்பத் தகுந்தது என்ற அளவுக்கு நிரூபிக்க வேண்டும். அதனால் முன்பு போன அண்ணன்மார் "பேப்பர் ஒன்றும் தேவையில்லை, கதையைச் சரியாகச் சொன்னால் போதும்" என்று சொல்வதைக் கேட்டு இருந்துவிடாதீர்கள்.

அப்புறம் திகதிகள். அம்மாவுக்கு எல்லாமே "ஆடி அமாவாசைக்கு அடுத்த கிழமை", "பத்திரகாளி அம்மன் திருவிழா நேரம்" என்றுதான் ஞாபகம். அதை நான் குத்துமதிப்பாக ஆங்கிலத் திகதியாக்கி சத்தியக் கடதாசியில் போட்டேன், தம்பி இன்டர்வியூவில் சொன்னதற்கு ஒரு மாதம் தள்ளிப் போனது, மறுப்புக்கு அதுவும் ஒரு காரணமானது. பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திகதி போடுங்கள். முடியாவிட்டால் அம்மா சொன்னபடியே அமாவாசை என்றே எழுதுங்கள், நிச்சயமில்லாத திகதியை விட அது நல்லது.

3. யார் போவது, என்ன சொல்வது

ஓடித் திரிகிற ஆள் ஒருவராக இருக்கட்டும், கூடிய வரை இரத்த உறவு. சீஐடி, டீஐடி (பொலிஸின் குற்ற, பயங்கரவாதப் புலனாய்வுப் பிரிவுகள்) அலுவலகங்களுக்குப் போய்த் தம்பியின் பெயர் உங்கள் லிஸ்டில் இருக்கிறதா என்று கேட்கிற வேலை வேண்டவே வேண்டாம். எந்த அலுவலகத்திலும் அசைலம் என்ற சொல்லை எடுக்கத் தேவையில்லை, "வழக்குத் தேவைக்கு" என்றால் போதும், அது பொய்யும் இல்லை. அங்கே இருப்பவர் பாஸ்போர்ட்டுக்கோ பிறப்புச் சான்றிதழுக்கோ லண்டனில் உள்ள இலங்கை உயர்ஸ்தானிகராலயத்துக்குப் போகவே கூடாது. அரசுக்குப் பயம் என்று சொல்லிக்கொண்டு அதே அரசின் வாசலுக்குப் போனார் என்று ஹோம் ஒஃபிஸ் எழுதும்.

போகிற ஒவ்வொரு நாளும் கொப்பியில் குறியுங்கள்: திகதி, அலுவலகம், யாரிடம் கேட்டீர்கள், என்ன தந்தார்கள், எவ்வளவு கட்டினீர்கள். ரசீதைப் பின்னால் ஒட்டுங்கள். இந்தக் கொப்பிதான் இரண்டாவது தடவை எங்களைக் காப்பாற்றியது.

4. ஆவணங்கள்

கோர்ட் ஆவணம். பிடியாணை, பொலிஸ் நீதிமன்றத்துக்குக் கொடுத்த பீ அறிக்கை, பிணை விவரம், வழக்குக் குறிப்பு ஆகியவற்றின், கோர்ட் பதிவாளர் ஒப்பமிட்ட அத்தாட்சிப் பிரதிதான் மற்ற எல்லா ஆவணத்தையும் விட மேலானது. முதலில் எந்தக் கோர்ட் என்று கண்டுபிடியுங்கள். நம் மாவட்டத்தில் திருகோணமலை, மூதூர், கந்தளாய் நீதவான் நீதிமன்றங்கள் இருக்கின்றன, ஆனால் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கொழும்புக்குக் கொண்டுபோனவர்களின் வழக்கு பெரும்பாலும் கொழும்பில்தான் இருக்கும், அதற்குக் கொழும்பு லோயர் வேண்டும். வழக்கிலக்கம் இருந்தால் வேலை பாதி முடிந்தது. லோயர் நகர்த்தல் பத்திரம் (பிரதி எடுக்க அனுமதி கேட்கும் மனு) போட்டு, நீதவான் அனுமதித்து, பதிவறையில் கோப்பைத் தேடி எடுக்க எனக்கு ஏழு கிழமை ஆனது. கோர்ட்டுக்குக் கட்டியது சிறு தொகை. லோயருக்கு 35,000 ரூபா, அதில் அவரது கடிதமும் அடங்கும்.

அந்தக் கடிதம் முக்கியம். லோயர் தன் பதிவு விவரத்தோடு, இன்ன திகதியில் இன்ன கோர்ட்டில் தானே நகர்த்தல் போட்டு, தானே கோப்பைப் பார்த்து, தானே பிரதி எடுத்ததாக எழுத வேண்டும். முதல் தடவை நான் பிடித்த லோயர் கோர்ட் பக்கமே போகாமல், நான் சொன்ன கதையை அப்படியே கடிதத்தில் எழுதிக் காசு வாங்கிவிட்டார், நீதிபதி அதை இரண்டு வரியில் ஒதுக்கினார். 2014இல் பீ.ஜே. என்ற ஓர் இலங்கையரின் வழக்கில், இலங்கை லோயர்கள் நேரே கோர்ட்டில் எடுத்த பிரதிகளை நல்ல காரணம் இல்லாமல் தள்ளியது பிழை என்று இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முடிந்தால் இரண்டாவது லோயர் ஒருவரும் தனியாகப் போய்ப் பார்த்துக் கடிதம் தரட்டும்.

பிடியாணையைப் பற்றி இன்னொன்று. மூலப் பிடியாணை பொலிஸுக்குப் போவது, குடும்பத்தின் கையில் கொடுக்கப்படுவது அல்ல. "ஒரிஜினல் வாரண்ட் எடுத்துத் தருகிறேன்" என்று யாராவது காசு கேட்டால் அது கள்ளப் பேப்பர். அப்படி ஒன்று கோப்பில் சேர்ந்தால் மற்ற உண்மையான பேப்பர்களையும் அது இழுத்துக்கொண்டு போய்விடும்.

பொலிஸ் முறைப்பாடு. வீட்டுக்கு ஆட்கள் வந்து தேடினார்கள் என்று அப்போதே முறைப்பாடு கொடுத்திருந்தால், கொடுத்தவரே போய்ப் பிரதி கேட்கலாம். கையில் வந்ததும் சிங்களம் வாசிக்கத் தெரிந்த, நம்பிக்கையான ஒருவரிடம் வாசிப்பித்துப் பாருங்கள். அம்மா தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, கடைசியில் "இனங்காணாத நபர்கள், மேலதிக நடவடிக்கை தேவையில்லை" என்று முடித்திருந்தார்கள். அப்படி இருந்தால் அனுப்பக் கூடாது என்பதல்ல, அப்படி எழுதப்பட்டது ஏன் என்று அம்மாவின் வாக்குமூலத்தில் விளக்கம் போக வேண்டும். அப்பீலுக்காக இப்போது புதிதாகப் போய் முறைப்பாடு எழுதுவதில் பயனில்லை, திகதியே காட்டிக்கொடுக்கும், வீட்டில் இருப்பவர்களுக்கும் கரைச்சல்.

மனித உரிமை ஆணைக்குழு. திருகோணமலையிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது. முன்பு முறைப்பாடு கொடுத்திருந்தால் அந்த இலக்கத்தைக் காட்டி உறுதிப்படுத்தும் கடிதம் கேளுங்கள். பலருக்குத் தெரியாத ஒன்று: 1996ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டப்படி, பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஒருவரைக் கைது செய்தால் 48 மணி நேரத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். அதனால் நீங்கள் முறைப்பாடு கொடுக்காவிட்டாலும் கைதைப் பற்றிய பதிவு அங்கே இருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள். தடுப்பில் இருந்தபோது ஐசிஆர்சி (சர்வதேச செஞ்சிலுவைக் குழு) வந்து பதிந்திருந்தால், அவர்கள் தடுப்புச் சான்று தருவார்கள், காசு இல்லை. புனர்வாழ்வு முகாமில் இருந்து வந்தவர்கள் விடுதலைச் சான்றிதழைத் தேடி எடுங்கள்.

ஆஸ்பத்திரி. அடிபட்டு மாவட்டப் பொது வைத்தியசாலையில் இருந்திருந்தால் டயக்னோசிஸ் கார்ட் (வீட்டுக்கு விடும்போது தரும் நோய் விவர அட்டை) வீட்டில் எங்காவது இருக்கும். அலுமாரி, சாமிப்படத்துக்குப் பின்னால், அரிசிப் பெட்டிக்கு அடியில் எல்லாம் தேடுங்கள், எங்களுடையது தையல் மெஷின் லாச்சியில் இருந்தது. அதில் உள்ள பெட் ஹெட் டிக்கெட் (கட்டில் நோயாளர் பதிவு) இலக்கத்தை வைத்துப் பதிவறையில் விண்ணப்பிக்கலாம். உடம்பில் உள்ள தழும்புகளுக்கு இங்கிலாந்திலேயே வைத்திய அறிக்கை எடுக்க வேண்டும், அது சொலிசிட்டரின் வேலை, ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும் என்பதால் முதல் கிழமையே நினைவுபடுத்துங்கள்.

கிராம சேவகர் கடிதம். வதிவிடத்துக்கு மட்டும் கேளுங்கள், உங்கள் பிரதேச செயலகத்தில் (திருகோணமலை நகரம் என்றால் "பட்டணமும் சூழலும்" பிரதேச செயலகம்) மேலொப்பமும் வாங்குங்கள். "சீஐடி தேடி வந்தது" என்று ஜீ.எஸ்ஸை எழுதச் சொல்ல வேண்டாம். அரச உத்தியோகத்தர் அதை எழுத மாட்டார், எழுதினாலும் அங்கே நம்ப மாட்டார்கள், அந்த மனிதருக்கு வேலையும் போகலாம்.

பாதர், எம்.பி., ஜே.பி. (சமாதான நீதவான்) கடிதங்கள். ஒரே வசனங்களில் அச்சடித்தது போல நூற்றுக்கணக்கில் போயிருக்கின்றன, நீதிபதிகளுக்கு மனப்பாடம். எழுதுகிறவர் தானே கண்ணால் பார்த்த ஒன்று இருந்தால் மட்டும் கேளுங்கள். பக்கத்து வீட்டு ஆச்சி, ஆளைத் தூக்க வந்த வெள்ளை வேனைப் பார்த்தது, எம்.பி.யின் முழுப்பக்கக் கடிதத்தை விட வலுவானது. ஆச்சியின் வாக்குமூலம் அவர் பேசுகிற தமிழிலேயே இருக்கட்டும், அடையாள அட்டைப் பிரதியோடு. ஆங்கிலம் தெரியாதவரிடம் ஆங்கில சத்தியக் கடதாசியில் கையெழுத்து வாங்குவது பெரிய பிழை, நாங்கள் செய்தோம்.

5. பெயரும் மொழிபெயர்ப்பும்

எங்கள் அப்பாவின் பெயர் நான்கு ஆவணத்தில் நான்கு விதமாக இருந்தது. ஒன்றில் முதலெழுத்து முன்னால், ஒன்றில் முழுப்பெயர் பின்னால், சிங்களத்தில் எழுதியதை ஆங்கிலமாக்கியபோது இன்னொன்று. இவை எல்லாம் ஒரே ஆள்தான் என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்து, எந்த ஆவணத்தில் எப்படி இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஆங்கிலத்தில் இல்லாத எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பு வேண்டும், சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம். அவர் பெயர், கையெழுத்து, திகதி, சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதி எல்லாம் இருக்க வேண்டும். எனக்குப் பக்கத்துக்கு 1,500 முதல் 2,500 ரூபா வரை போனது, கையால் எழுதிய சிங்களம் என்றால் அதைவிடக் கூடுதல். முத்திரையில் உள்ள எழுத்தையும் ஓரத்தில் கிறுக்கியதையும் சேர்த்து மொழிபெயர்க்கச் சொல்லுங்கள், திகதி அநேகமாக முத்திரைக்குள்தான் இருக்கும்.

6. உங்கள் வாக்குமூலமும் பார்சலும்

எல்லாம் சேர்ந்த பிறகு, ஓடித் திரிந்த நீங்கள் உங்கள் பெயரில் ஒரு வாக்குமூலம் எழுதுங்கள். இந்த ஆவணத்தை இன்ன நாள், இன்ன இடத்தில், இன்ன முறையில் எடுத்தேன், இன்ன நாள் அனுப்பினேன் என்று ஒவ்வொன்றாக. கொப்பியைப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் முடியும். முதல் தடவை எங்களிடம் இல்லாதது இந்த இரண்டு பக்கம்தான்.

ஒவ்வொரு பக்கத்தையும் முன்னும் பின்னும் கலரில் ஸ்கேன் செய்து முதலில் மின்னஞ்சலில் அனுப்புங்கள், சொலிசிட்டர் வேலையைத் தொடங்கலாம். மூலத்தைக் கூரியரில் அனுப்புங்கள். லண்டனுக்குப் போகிற ஆளின் பையில் கொடுத்துவிடாதீர்கள், அவருக்கும் விமான நிலையத்தில் பிரச்சினை, சான்றும் இல்லை. தனியார் கூரியர் பத்தாயிரத்துக்கு மேல் கேட்டார்கள், தபால் கந்தோரின் ஈஎம்எஸ் குறைவு, கொஞ்சம் பிந்தும். ரசீது உங்களிடம் இருக்கட்டும். அங்கே பார்சலை உடைப்பவர் கவரை எறியக் கூடாது, திகதியும் இலக்கமும் தெரிய அந்தக் கவரும் கோப்பில் சேர வேண்டும்.

7. விசாரணை நாள்

அம்மா வாட்ஸ்அப் வீடியோவில் வந்து நீதிபதியிடம் சொன்னால் என்ன என்று நாங்களும் கேட்டோம். முடியாது. வேறு நாட்டில் இருந்துகொண்டு வாய்மூலச் சாட்சி சொல்வதற்கு அந்த நாட்டு அரசுக்கு மறுப்பு இல்லை என்பதை முதலில் கேட்டறிய வேண்டும், நம் கேஸில் அந்த அரசு இலங்கை அரசு. எழுத்தில் தரும் வாக்குமூலத்துக்கு அந்தத் தடை இல்லை. அதனால்தான் எழுத்து இவ்வளவு முக்கியம்.

மொழிபெயர்ப்பாளரை ட்ரிபியூனல் இலவசமாகத் தரும், இலங்கைத் தமிழ் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். நாம் "இரண்டு கிழமை தடுத்து வைத்தார்கள்" என்றால் இரண்டு வாரம். தமிழ்நாட்டுக்காரருக்குக் கிழமை என்றால் திங்கள், செவ்வாய். இந்த ஒரு சொல்லில் இரண்டு வாரம் இரண்டு நாளாகிப் போனால் "முரண்பாடு" என்று எழுதுவார்கள்.

8. தீர்ப்பு வந்த பிறகு

தோற்றால், நீதிபதி சட்டத்தில் விட்ட பிழையைக் காட்டி மேல் ட்ரிபியூனலுக்குப் போக அனுமதி கேட்க 14 நாள். முதலில் அதே ட்ரிபியூனலிடம், அது மறுத்தால் மேல் ட்ரிபியூனலிடமே இன்னொரு 14 நாளுக்குள். தீர்ப்பு பிடிக்கவில்லை என்பது காரணம் ஆகாது. அதுவும் முடிந்தால், புதிய ஆவணங்களோடு மேலதிக சமர்ப்பணம் போடலாம், நாங்கள் அந்த வழியில்தான் போனோம். ஆனால் இரண்டாவது நீதிபதி முதல் தீர்ப்பைத்தான் தொடக்கப் புள்ளியாக எடுப்பார், முன்பே கொடுத்திருக்கக் கூடிய பேப்பரை இப்போது கொண்டுவந்தால் மிகுந்த சந்தேகத்தோடுதான் பார்ப்பார். ஏழு கிழமையில் எடுக்கக் கூடிய கோர்ட் பிரதியை ஏன் மூன்று வருடம் எடுக்கவில்லை என்று தம்பியிடம் குறுக்கு விசாரணையில் கேட்டார்கள். முதல் லோயர் செய்ததை நான் எழுதிக் கொடுத்து, அவருக்குக் கட்டிய ரசீதையும் வைத்திருந்ததால் பதில் இருந்தது.

வென்றாலும் கொப்பியையும் பிரதிகளையும் எறிய வேண்டாம். மனைவி பிள்ளைகளை அங்கே எடுக்கும்போது அதே திகதிகள், அதே பெயர் எழுத்துகள் திரும்பவும் கேட்கப்படும். எங்களுடையது ஒரு செட் சொலிசிட்டரிடமும், ஒரு செட் தம்பியின் மின்னஞ்சலிலும் இருக்கிறது. வீட்டில் ஒன்றும் வைத்திருக்கவில்லை.